ஆவட்டும் என்றால் ஏகமனது அல்ல

எங்கள் ஏரிப் பாசனச் சங்கத்தின் தீர்மானப் புத்தகம் என் பீரோவில், புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது. சிவப்புத் துணி ஒட்டிய நீள நோட்டு. முதல் முப்பது பக்கத்தைப் புரட்டினால் ஒவ்வொரு தீர்மானத்தின் கீழும் என் கையெழுத்தில் ஒரே வார்த்தைதான் இருக்கும்: ‘ஏகமனதாக.’ வாய்க்கால் தூர்வார ஏகமனதாக. கரையில் வளர்ந்த சீமைக் கருவேலத்தை வெட்ட ஏகமனதாக. மதகு திறக்கிற அன்று தேங்காய் உடைப்பது யார் என்றால் அதுவும் ஏகமனதாக நான். இப்போது பார்த்தால் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. அப்போது எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

நான் தலைவர் ஆனதே என் வாயால்தான். ஒரு வருஷம் ஏரியின் உபரித் தண்ணீர் வழிகிற கலங்கல் ஓரத்தில் பங்காளிகள் இரண்டு பேர் மண்வெட்டியோடு எதிரெதிரே நின்றார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. நான் நடுவில் போய் நின்று இரண்டு பேரையும் திட்டிய திட்டில் மண்வெட்டிகள் தாமாகத் தோளுக்குப் போயின. அடுத்து சங்கத்துக்குத் தேர்தல் வந்தபோது என்னை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. கோபம் எனக்கு மூக்கின் மேலேயே இருக்கும். அதையே ஒரு தகுதியாக ஊர் எடுத்துக்கொண்டது, நானும் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் மாகறலுக்கும் உத்திரமேரூருக்கும் நடுவில் இருக்கிறது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் கூட்டமானாலும் குடவோலைக் கல்வெட்டை இழுக்காமல் பேச வராது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்தவர்கள் நாம், ஏரிக்கென்றே தனி வாரியம் வைத்திருந்தவர்கள் நாம் என்று என் முதல் கூட்டத்தில் நானும் அரைமணி நேரம் முழங்கினேன். முழங்கி முடித்துவிட்டு, குடமும் இல்லாமல் ஓலையும் இல்லாமல், எல்லாவற்றையும் நானே முடிவு செய்ய ஆரம்பித்தேன்.

என் கூட்டங்கள் கால்மணி நேரத்துக்கு மேல் போனதில்லை. நெல் களத்துக் கொட்டகையில் எல்லாரும் வந்து உட்காருவார்கள். நான் நின்றுகொண்டு தீர்மானத்தை வாசிப்பேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பேன். “ஆட்சேபணை ஏதாவது கீதா?” என்று கேட்பேன். இங்கொருவர் அங்கொருவராக, “ஆவட்டும்மா”, “ஆவட்டும் அண்ணி”, “ஆவட்டும் ஆவட்டும்” என்பார்கள். நோட்டில் ‘ஏகமனதாக’ என்று எழுதி மூடுவேன். பக்கத்து ஊர்ச் சங்கத்தில் நாற்காலி பறந்ததாகக் கேள்விப்படும்போதெல்லாம், என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொள்வேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில்தான் ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றிய வருஷம் வந்தது. செய்யாற்றுக் கால்வாயில் தண்ணீர் வந்ததும் தெரியவில்லை, நின்றதும் தெரியவில்லை. ஏரி பாதிக்குக் கொஞ்சம் மேலே நிரம்பியதோடு சரி. அதை நம்பி எல்லாரும் நவரைப் பட்டத்து நெல்லை நட்டுவிட்டோம். மாசி பிறந்தபோது மதகின் கல்படிகளில் ஐந்து படிதான் தண்ணீருக்குள் இருந்தது. எங்கள் ஊரில் ஏரியின் அளவை அந்தப் படிகளை வைத்துத்தான் சொல்வோம். அறுவடைக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. வழக்கம்போல் திறந்தால் ஐந்து படித் தண்ணீர் ஊர் நிலம் முழுவதற்கும் போதாது.

நான் யோசித்தேன். யாரிடமும் கேட்காமல் நன்றாகவே யோசித்தேன். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்து எல்லாருடைய பயிரும் காய்வதைவிட, மதகை ஒட்டிய தலைமடைக்கும் அதற்கு அடுத்த நடுமடைக்கும் கொடுத்து முக்கால்வாசியைக் காப்பாற்றலாம். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடையை இந்த ஒரு வருஷம் விட்டுவிடலாம். வழக்கப்படி தண்ணீர் முதலில் தலைமடைக்குத்தானே. இது எனக்கு நியாயமாகவே பட்டது. எங்கள் குடும்ப நிலம் தலைமடையில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது அதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் அதில் இருக்கிற கேவலம்.

கூட்டத்தில் வாசித்தேன். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தேன். ஆட்சேபணை கீதா என்று கேட்டேன். கடைமடைக்காரர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைப்பவர்கள். அவர்களும்தான் சொன்னார்கள், “ஆவட்டும்மா” என்று. நான் எழுதினேன், ‘ஏகமனதாக’ என்று. எழுதும்போது, எவ்வளவு நல்ல ஜனங்கள் என்று மனது நெகிழ்ந்துகூடப் போனது.

மறுநாள் காலை மதகின் திருகுக்குப் போட கிரீஸ் வாங்க உத்திரமேரூருக்குப் போனேன். கடைத்தெருவில் மோட்டார் சாமான் விற்கிற பாய் ஒருவர் எனக்கு நெடுநாள் பழக்கம். எங்கள் ஊர்க் கடைமடையில் அவருக்கு ஒரு ஏக்கர் நிலமும் உண்டு. ஆள் வைத்துப் பயிர் செய்கிறார், சங்கக் கூட்டத்துக்கு விடாமல் வருகிறார். முந்தின நாளும் வந்திருந்தார். டப்பாவை எடுத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டார்.

“அக்கா, நேத்து நானுந்தான் ஆவட்டும்னேன். அதுக்கு இன்னா அர்த்தம்னு நெனச்சிக்கினு போனீங்க?”

“இன்னா அர்த்தம்? சம்மதம்னுதான்.”

“சம்மதம்னா சம்மதம்னே சொல்லுவாங்களே. இப்ப ஒருத்தரு கடைக்கு வராரு. மோட்டாருக்கு பேரிங் கேக்குறாரு. எட்த்துக் காட்றேன். திருப்பித் திருப்பிப் பாக்குறாரு. ‘ஆவட்டும் பாய், வரேன்’னு சொல்லிட்டுப் போறாரு. அவரு வர மாட்டாரு. எதிர்க்கடையில வாங்கிக்கினு, என் கண்ணுல படாம வேற சந்து வழியா வூட்டுக்குப் போயிடுவாரு. இது புரியாதவன் இந்த ஊர்ல கடை வெக்க முடியாது.”

எனக்குச் சுருக்கென்றது. “அப்போ எழுந்து வேணாம்னு சொல்றதுதானே? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?” என்றேன்.

“எங்கக்கா சொல்றது? நீங்க ஆட்சேபணை கீதான்னு கேட்டுக்கினே நோட்டுல எய்திக்கினு கீறீங்க” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். வியாபாரிகளுக்கே உரிய, எதிராளிக்குக் கோபம் வரமுடியாத சிரிப்பு. எனக்கு வந்தது. கிரீஸ் டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் கணவர் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். அவரிடம் பாய் சொன்னதைச் சொல்லிப் பொரிந்து தள்ளினேன். அவர் தலையை ஆட்டினார். எனக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. எங்கள் வீட்டுக்கு வெளியே அடித்திருப்பது நல்ல கத்தரிப்பூ நிறம். பஸ்ஸில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தது நான்.

“யோவ், வூட்டுக்கு அடிச்ச கலர் உனக்குப் புடிச்சிதா?”

பேப்பரை மடித்தார். “புடிக்கல.”

“ஆறு வருஷமா கீது. ஏன் அப்பவே சொல்லல?”

“சொன்னேனே. ஆவட்டும்னு சொன்னேனே.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த மனிதரோடு குடித்தனம் செய்கிறேன். எத்தனை ஆவட்டும் கேட்டிருப்பேன். ஒவ்வொன்றாக நினைவுக்கு வர ஆரம்பித்தது. தெற்குப் பக்கம் சன்னலை அடைத்தது. எருமையை விற்றது. வாரத்துக்கு மூன்று நாள் உப்புமா.

அடுத்த நாள் காலை, வெயில் ஏறுவதற்குள், வாய்க்கால் கரையோடு கடைமடை வரைக்கும் நடந்து போனேன். தலைவர் ஆகி நான்கு வருஷத்தில் மதகுக்குத்தான் போயிருக்கிறேன். கடைக்கோடி வரை ஒரு நாளும் நடந்ததில்லை. முதலில் வந்தது எங்கள் நிலம். முந்தின முறை விட்ட தண்ணீர் இன்னும் கணுக்கால் அளவு நின்றுகொண்டிருந்தது. அது போதாதென்று கீழ் வரப்பில் ஓர் இடத்தில் உடைப்பெடுத்துச் சலசலவென்று ஓடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஓடையில் ஆள் உயரத்துக்குக் கோரை செழித்திருந்தது. ஊருக்கே தண்ணீர் இல்லாத வருஷத்தில் நான் கோரைக்குப் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, காலாலேயே மண்ணைத் தள்ளி அந்த உடைப்பை அடைத்தேன்.

கடைமடையில் ஒரு அம்மாள் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்குப் பயிர் வைத்திருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். புருஷன் இல்லை. இரண்டு மாடுகள், அந்த ஒன்றரை ஏக்கர், அவ்வளவுதான் அவருடைய பிழைப்பு. பயிர் அப்போதுதான் கதிர் விட்டுப் பால் பிடிக்கிற சமயம். நிலம் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்திருந்தது. அவர் வரப்பில் உட்கார்ந்து கதிர் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். அறுவடைக்கு ஒரு மாதம் இருக்கும்போது அரிவாளுக்கு என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன்.

“நாளைக்கு அறுத்துடலாம்னு கீறேன்மா. பச்சையா கீறப்பவே அறுத்தா மாட்டுக்காவது ஆவும். காஞ்சிபோனா அதுக்கும் ஆவாது.”

பால் பிடித்த கதிரை மாட்டுக்கு அறுப்பது என்றால் என்ன என்று பயிர் வைத்தவர்களுக்குத் தெரியும். அது தெரிந்தும் நான் அவர்மேல்தான் பாய்ந்தேன்.

“மீட்டிங்ல கல்லு மாதிரி உக்காந்துகினு இருந்தியேம்மா. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“நீங்க ஆட்சேபணை கீதான்னு கேட்டீங்க. அது கோர்ட்டுல பேசுற பேச்சு. உங்க மேல கேசு போடுற மாதிரி நான் எழுந்து நிப்பனாம்மா?”

“வேற எப்படிக் கேக்கணும்ன்ற?”

அவர் அரிவாளைத் தீட்டுவதை நிறுத்தினார். “நீயா இருந்தா இன்னா பண்ணுவேன்னு கேட்டா சொல்லிட்டுப் போறேன்” என்றார்.

வாய்க்காலை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். பிறகு கேட்டேன். “சரி, நீயா இருந்தா இன்னா பண்ணுவ?”

“மொதல்ல கடைமடைக்கு வுடுவேன். தலைமடையில எல்லா மடையையும் மூடிட்டு ஒரே ஓட்டமா இங்க வுடுவேன். தண்ணி உங்க நிலத்தத் தாண்டித்தான வரணும்? ரெண்டு நாளு வாய்க்கா ஓடினா கரையோரம் தானா ஊறும். அப்புறம் நடுமடை, அப்புறம் தலைமடை. நீங்க மொதல்ல எட்த்தா மிச்சம் ஓடைக்குப் போவுது. நாங்க மொதல்ல எட்த்தா போறதுக்கு வேற எடம் இல்ல.”

ஓடைக்குப் போவுது என்று சொல்லும்போது அவர் என் காலைத்தான் பார்த்தார். முழங்கால் வரை சேறு அப்பியிருந்தது. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இத்தனை வருஷமாகத் தெரிந்திருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

“ரெண்டு நாளு பொறு. பயிர்ல அரிவாள வெக்காதே” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அந்த இரண்டு நாளில் என்ன செய்ய முடியும் என்று எனக்கே தெரியாது.

அன்று சாயங்காலமே மறுபடியும் கூட்டம் கூட்டினேன். கிளம்பும்போது கணவர் என் கையில் நான்கு கமர்கட்டு கொடுத்தார், பெட்டிக்கடையில் வாங்கியது. “இத்த வாயில போட்டுக்கோ. கரையிற வரைக்கும் பேச முடியாது” என்றார். முப்பது வருஷத்தில் அவர் எனக்குச் சொன்ன முதல் யோசனை என்று நினைக்கிறேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

கொட்டகையில் நான் நிற்கவில்லை. பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். அதைப் பார்த்தே பாதிப் பேர் பயந்துவிட்டார்கள். “முந்தாநேத்து எய்தின தீர்மானத்த அடிச்சிட்டேன். இன்னைக்கு ஒவ்வொருத்தரும், நீங்களா இருந்தா இன்னா பண்ணுவீங்கன்னு சொல்லணும். ஆவட்டும்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாது” என்றேன். சொல்லிவிட்டு ஒரு கமர்கட்டை வாயில் போட்டுக்கொண்டேன்.

ஒருவர் தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான். பழக்கதோஷத்தில் யாரோ “ஆவ...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். முதல் கமர்கட்டு கரைவதற்குள் எனக்கு உயிரே போய்விடும் போலிருந்தது. பிறகு மூலையில் குந்தியிருந்த நீர்கட்டி எழுந்தார். மதகைத் திறந்து மூடி, வயல் வயலாகத் தண்ணீர் கட்டுகிறவர். கூட்டத்தில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. யாரும் அவரைக் கேட்டதும் இல்லை.

“ஒரு படி எறங்க மூணு நாளு ஆவும். அஞ்சு படிக்கும் பதினைஞ்சு நாளு ஓட்டம். கடைமடைக்கு மூணு நாளு, நடுமடைக்கு அஞ்சு நாளு, தலைமடைக்கு நாலு நாளு. மூணு நாளு கைல நிக்கும். தலைமடையில தண்ணிய நிறுத்தி வெக்காம, காயவுட்டு காயவுட்டு பாய்ச்சணும். எல்லாருக்கும் கெடைக்கும்” என்றார். பல வருஷமாக மனதிலேயே வைத்திருந்ததை வரிசையாக எடுத்து வைத்தார். கொட்டகையில் சலசலப்பு எழுந்தது.

கணவரின் தம்பி, என் கொழுந்தன், எழுந்து நின்றார். தலைமடையில் அவருக்கும் நிலம் உண்டு. “அண்ணி, வழக்கத்த மாத்துறதுக்கு நீங்க யாரு? தலைமடைக்காரங்க தலையில கல்லப் போடவா உங்களத் தலைவராக்கினோம்?” என்றார். என் வாயில் அப்போது இரண்டாவது கமர்கட்டு. அதைக் கடித்து நொறுக்கிவிட்டுப் பாய்ந்திருப்பேன். கணவர் தூணோரத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வர, உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

நான் பேசாததால் கொழுந்தன் தொடர்ந்து பேச வேண்டியதாயிற்று. பேசப் பேசத்தான் உண்மையான விஷயம் வெளியே வந்தது. அவருடைய நிலம் மணல்பாங்கு. நாற்று கிடைக்காமல் இருபது நாள் தாமதமாக நட்டிருந்தார். எட்டு நாள் காய்ந்தால் வேர் அறுந்துவிடும். அது வீம்பு இல்லை, நிஜமான பயம். வழக்கம்போல் நான் அவர் வாயை அடைத்திருந்தால் அது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். நீர்கட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, “கைல நிக்கிற மூணு நாள்ல இருந்து அவருக்கு நாலாம் நாளு ஒரு பொழுது வுடலாம்” என்றார். கடைமடை அம்மாள், “வுடட்டும். மணலு தாங்காது” என்றார். கொழுந்தன் உட்கார்ந்தார்.

கூட்டம் இரண்டரை மணி நேரம் நடந்தது. கடைசியில் நீர்கட்டி சொன்ன முறைக்குக் கை தூக்கச் சொன்னேன். பெரும்பாலானவர்கள் தூக்கினார்கள். ஆறு பேர் தூக்கவில்லை. அந்த ஆறு பேர் சொன்னதையும் அவரவர் வார்த்தையிலேயே நோட்டில் எழுதினேன். கொழுந்தனுடைய ‘நீங்க யாரு’ உட்பட எழுதினேன். அந்தப் பக்கத்தில்தான் முதல்முதலாக ‘ஏகமனதாக’ இல்லை.

மறுநாள் விடிந்ததும் மதகடியில் கற்பூரம் காட்டி, தேங்காயைக் கடைமடை அம்மாளை உடைக்கச் சொன்னேன். நீர்கட்டி திருகைச் சுற்றினார். கிரீஸ் போடாத திருகு கிரீச்சென்றது. எனக்கு பாய் ஞாபகம் வந்தது. தண்ணீர் பாய்ந்தது. எல்லாரும் கடைமடைக்குப் போய்க் காத்திருந்தோம். பாயும் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். மத்தியானத்துக்குள் வந்திருக்க வேண்டும், வரவில்லை. மூன்று மணிக்கு வாய்க்காலில் ஈரம்கூடத் தெரியவில்லை. அந்த அம்மாள் இடுப்பில் செருகியிருந்த அரிவாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. இது கொழுந்தன் வேலைதான், வேறு யார்? வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போய், அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த இடத்தில் நின்று, ஊர் கேட்கத் திட்டினேன். கமர்கட்டு தீர்ந்துபோயிருந்தது. அவர் என்னைக் குறுக்கே மறித்துப் பேசவில்லை. திட்டி முடித்து நான் மூச்சு வாங்கும்போது, “அண்ணி, உங்க மடையப் போய்ப் பாருங்க” என்றார்.

போய்ப் பார்த்தோம். எங்கள் மடை ‘ஆ’வென்று திறந்து கிடந்தது. எங்கள் வயல் நிரம்பி வழிந்து, நான் காலால் அடைத்த உடைப்பைப் பெயர்த்துக்கொண்டு, தண்ணீர் மறுபடியும் கோரைக்கு ஓடிக்கொண்டிருந்தது. திறந்தது யார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருபத்தைந்து வருஷமாக மதகு திறக்கிற நாளில் நான் செய்கிற முதல் வேலை, பூசைக்குப் போகிற வழியில் எங்கள் மடையை மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்தித் திறந்துவிட்டுப் போவது. அன்று காலையும் கொத்தியிருக்கிறேன். புத்தி மாறிவிட்டது, கை மாறவில்லை.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எனக்குப் பின்னால் பாதி ஊர் நின்றது. ஒரு வார்த்தை சொல்லிச் சமாளித்திருக்கலாம். எலி வளை, பெருச்சாளி என்று ஏதாவது. கொழுந்தன் பக்கம் திரும்பி, “தப்பு என்னுது. உன்ன திட்டுனதும் தப்பு. மன்னிச்சிக்கோ” என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை ஊர் அன்றுதான் கேட்டது. கொழுந்தன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வரப்பில் கிடந்த மண்வெட்டியை எடுத்து, அவரே எங்கள் மடையை அடைத்தார். “அந்த உடைப்ப வெரசா அடைங்க. அந்தம்மா காத்துக்கினு கீது” என்றார். கை தூக்காத ஆறு பேரில் அவரும் ஒருவர்.

அதற்குப் பிறகு தண்ணீரோடு நாங்களும் நடந்தோம். வாய்க்காலில் முன்னால் போகிற தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு ஒரு ஆள் நடக்கிற வேகத்தில்தான் போகும். எங்கேயாவது தயங்கினால் நீர்கட்டி காலால் வழி எடுத்துவிடுவார். கணவர் வந்தார், பாய் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். வெயில் சாய்கிற நேரத்துக்குக் கடைமடைக்கு வந்து சேர்ந்தது. வெடித்த நிலத்தில் இறங்கியதும் தண்ணீர் காணாமல் போனது. வெடிப்புகள் ஒவ்வொன்றாகக் குடித்தன. பிறகுதான் மெல்ல மேலே தெரிய ஆரம்பித்தது. அந்த அம்மாள் இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்து, பனைமரத்து மட்டையில் செருகிவிட்டு வயலில் இறங்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எந்தத் தேர்தலில் ஜெயித்தும் எனக்கு அப்படி இருந்ததில்லை.

பங்குனியில் ஊர் முழுக்க அறுவடை நடந்தது. தலைமடை, நடுமடை, கடைமடை, எல்லாம். கொழுந்தனுடைய மணல் நிலம்கூட மோசமில்லை. எங்கள் நிலத்தில் வழக்கத்தைவிட மூட்டை கூடவே வந்தது. நிற்கிற தண்ணீரில் வேர் அழுகுவது இத்தனை வருஷமாக எங்களுக்குத் தெரியவில்லை. பனைமரத்தில் செருகிய அரிவாளை அந்த அம்மாள் முற்றிய கதிரை அறுக்கத்தான் எடுத்தார்.

அறுவடை முடிந்த கையோடு கூட்டம் போட்டேன். எனக்கு உச்சி குளிர்ந்திருந்தது. புது வழக்கத்துக்கு நான் பேர் எடுத்தாயிற்று, அதைக் கல்லில் வெட்டாத குறையாக நிலைநாட்டிவிட வேண்டும் என்று ஆசை. இனி எல்லா வருஷமும் தண்ணீர் கடைமடைக்கே முதலில் என்று நிரந்தரத் தீர்மானம் தயாரித்து, நல்ல தமிழில் எழுதி எடுத்துப் போனேன். வாசித்தேன். கடைமடை அம்மாளின் முகத்தைப் பார்த்தேன். அவருக்காகத்தானே எழுதியது. முதல் கை அவருடையதாக இருக்கும் என்று காத்திருந்தேன்.

அவர் எழுந்து நின்றார். பின்வரிசையிலிருந்து அல்ல, முன்னால் வந்து நின்றார்.

“வேணாம்மா.”

என் கூட்டத்தில் அந்த வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதில்லை.

“அத்த எய்தி வெச்சிடாதீங்க. வர்ற வருசம் மய எப்படிப் பெய்யுமோ, யாரு எப்ப நடுவாங்களோ, நமக்கு இன்னா தெரியும்? அப்ப வந்து கேளுங்க. எங்களக் கேளுங்க, தலைமடைக்காரங்களையும் கேளுங்க. எய்தி வெச்சிட்டா அப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க.”

கை தூக்கச் சொன்னேன். என் தீர்மானத்துக்கு என் கை மட்டும்தான் உயர்ந்தது. தூணோரம் நின்ற என் கணவர்கூட இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நோட்டைப் பிரித்தேன். எல்லாரும் கேட்கச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினேன்: “தலைவர் கொண்டுவந்த தீர்மானம் வேண்டாம் என்று முடிவாயிற்று.” எழுதிவிட்டு, என் கையையும் கீழே இறக்கினேன். பிறகு பேனாவை மறுபடி எடுத்து, அதன் கீழே ஒரு வார்த்தை சேர்த்தேன். நான்கு வருஷமாக நான் எழுதியதில் அந்த ஒரு ‘ஏகமனதாக’தான் நிஜம்.